சனிக்கிழமைக்கு ஒரு வேலி

எனக்கு வேண்டியதெல்லாம் கிழமைக்கு ஒரு மணித்தியாலம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலையில் நல்லெண்ணெய் வைத்து, முகத்தில் மஞ்சளும் பயத்தம் மாவும் குழைத்துப் பூசி, சோட்டி என்று நாங்கள் சொல்கிற தொளதொளத்த வீட்டுச் சட்டையோடு, வீட்டின் பின்பக்கம் வெயிலில் கதிரை போட்டு இருக்க வேண்டும். யாரும் பார்க்கக் கூடாது. அதைவிட முக்கியம், யாரும் எதுவும் சொல்லக் கூடாது. பெண்கள் எண்ணெய் வைக்கிற நாள் செவ்வாயும் வெள்ளியும் என்று எனக்கும் தெரியும். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருப்பேன். அங்கே ஐந்து நாளும் எல்லோருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே வாய் உளையும். ஆகவே சனிக்கிழமை.

அந்த ஒரு மணித்தியாலத்தை ஒன்பது வருடமாக எனக்குக் கிடைக்கவிடாமல் செய்தவர் பக்கத்து வீட்டுக்காரர். ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு சின்ன நகரத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் எங்களுடையது ஒன்று, அவருடையது அடுத்தது. இரண்டு பின்வளவுகளுக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கம்பி. கோழி நினைத்தால் தாண்டும்.

அவர் எழுபதைத் தாண்டியவர். மனைவி காலமாகிவிட்டார். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த முதல் சனிக்கிழமை ஒரு தட்டில் உளுந்து வடையோடு கம்பிக்குக் கிட்டப் போய் ‘ஹலோ’ என்று கூப்பிட்டேன். அவருடைய தோட்டக் கொட்டிலுக்குப் பின்னால் ஏதோ உருண்டு விழுந்தது. இடுப்பில் ஒரு துவாயைச் சுற்றிப் பிடித்தபடி அவர் வந்தார். குளித்துவிட்டு வருகிறார், நல்ல சுத்தமான மனிதர் என்று இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் கணவர். நகரத்தில் பஸ் ஓட்டுகிறார்.

அதற்குப் பிறகு அந்தச் சுத்தமான மனிதரை நான் எப்போது வெளியில் வந்தாலும் கண்டேன். எப்போதும் முழுக்காற்சட்டை, கையில் ஏதாவது ஓர் உபகரணம், வாயில் ஓர் அறிவுரை. தக்காளிக்கு மேலிருந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. உடுப்புக் காயப்போடும்போது சட்டையைத் தோளில் அல்ல, அடியில்தான் கவ்வ வேண்டும். பழுப்பு நிறக் குப்பைத் தொட்டியின் மூடி வடக்குப் பக்கம் பார்த்திருந்தால் புழு குறையும். சண்டைக்காரத் தொனியே இல்லை, மிகவும் தன்மையாகச் சொல்வார். அதனால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். திட்டவும் முடியாது.

ஒருநாள் துணிந்து எண்ணெயும் மஞ்சளுமாகக் கதிரையைப் போட்டு இருந்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

“வெயிலில் எண்ணெய் பூசினால் தோல் பொரிந்துவிடும்,” என்றார் கம்பிக்கு அப்பால். “ஐம்பது என்று எண் போட்ட கிரீம்தான் நல்லது.”

அடுத்த சனிக்கிழமை அந்தக் கிரீம் ஒரு குழாய் கம்பியில் நூலால் கட்டித் தொங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவரிடம் போய் நின்றேன்.

“இஞ்சேருங்கோ, எனக்கு ஒரு வேலி வேணும். உயர வேலி.”

“நீர் வீட்டுக்குள்ள இருந்து எண்ணெய் வையுமன்.”

“வெயில் வீட்டுக்குள்ளயோ எறிக்குது?”

“உமக்கென்ன விசரே? அந்த மனுசன் நில அளவை ஒபிசில இருந்தவர். வேலி விசயத்தில ஆரோட கொழுவப் போறீர் எண்டு யோசிச்சனீரோ?”

யோசித்தேன். யோசித்ததால்தான் ஒன்பது வருடம் ஆனது.

கடையில் விற்கிற வேலிகளைப் போய்ப் பார்த்தோம். பிளாஸ்டிக்கில் செய்த மூங்கில், அதில் பிளாஸ்டிக் இலை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அவரையே பார்த்துக்கொண்டிருக்கலாம். பிறகு ஒரு பெப்ரவரி மாதம் வேலைக்குப் போகும் வழியில், ஓடைக்கரையில் நிற்கும் வில்லோ மரங்களுக்கு நகரசபை ஆட்கள் மொட்டை அடிப்பதைக் கண்டேன். மார்ச் பிறந்தால் பறவைகள் கூடு கட்டும், வெட்ட விடமாட்டார்கள் என்பதால் அவசர அவசரமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே பச்சையும் மஞ்சளுமாக நீட்டு நீட்டுத் தடிகள், ஆள் உயரத்துக்குக் குவியல். வளைத்தால் முறியாமல் வளைந்தது. எடுக்கலாமா என்று கேட்டேன். இயந்திரத்தில் போட்டுத் தூளாக்கத்தான் வைத்திருக்கிறோம், தாராளமாக எடுங்கள் என்றார்கள்.

மூன்று தடவை காரின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தோம். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சாமானில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்பது இங்கே விதி. வீட்டிலிருந்த சிவப்புத் துணி என் பழைய கூறைச் சேலையின் ஓரம்தான். அதைக் கட்டினேன். இவர் தன்னோடு வேலை செய்கிறவர்கள் யாராவது காணக்கூடும் என்று தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு ஓட்டினார். சரிகைச் சேலை காற்றில் ஆட, கூரையில் ஒரு காட்டையே ஏற்றிக்கொண்டு போகிற காரை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தார் போல.

எல்லையில் வேலி போடப் பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். கண்ணாடிக்கு முன் நின்று டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், ஒரு பேச்சுத் தயாரித்தேன். காற்று, தூசி, அழகு, குருவிகளுக்கு நன்மை என்று நான்கு காரணங்கள். அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கம்பிக்குக் கிட்டப் போய் முதல் வசனத்தைக்கூட நான் முடிக்கவில்லை.

“வேலியா? நல்லது. எவ்வளவு உயரம்?”

“ஒன்று அறுபது?”

“ஒரு மீட்டர் எண்பது வரை போகலாம். எண்பதே போடுங்கள்.”

தயாரித்த பேச்சு முழுதும் வாய்க்குள்ளேயே கிடந்தது. வீட்டுக்குள் வந்து இவரிடம் சொன்னேன். இவருக்குப் பெரிய நிம்மதி. எனக்கு ஏனோ அவ்வளவு நிம்மதியாக இல்லை.

இவர் அலவாங்கால் குழி போட்டுத் தூண் நட்டார். தூண்களுக்கு இடையில் தடிகளை முன்னும் பின்னுமாக வளைத்துப் பின்னிக்கொண்டு போக வேண்டியதுதான். இந்த ஊர்க்காரர் அதோடு விட்டுவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. கட்டாத வேலியும் ஒரு வேலியா? யாழ்ப்பாணத்தில் வேலி அடைக்க இரண்டு பேர் வேண்டும், உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். குத்தூசி என்ற நீண்ட ஊசியில் கயிற்றைக் கோத்து உள்ளே இருப்பவர் குத்தி அனுப்புவார், வெளியே நிற்பவர் இழுத்துத் தடியைச் சுற்றித் திருப்பிக் குத்துவார். இறைச்சி வாட்டுகிற நீளக் கம்பி ஒன்றை எடுத்து அதன் வளையத்தில் சணல் கயிறு கோத்தேன். அச்சான குத்தூசி. சிரமம் என்னவென்றால், வெளியே என்பது அவருடைய வளவு.

“நீங்கள் அங்கால போய் நில்லுங்கோ,” என்றேன் இவரிடம்.

“அந்தாளின்ர பூக்கண்டு முழுக்க இப்பதான் முளைக்குது. அதில கால் வைச்சிட்டு நான் இந்தத் தெருவில இருக்கேலாது. என்னால ஏலாது.”

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் என் கையிலிருந்த ஊசியையும் இவருடைய முகத்தையும் பார்த்து விஷயத்தைப் பிடித்துவிட்டார். உள்ளே போய் றப்பர் பூட்ஸும் மட்டப்பலகையுமாகத் திரும்பி வந்தார். “நான் நிற்கிறேன்,” என்றார்.

அவரை மறைப்பதற்காக நான் போட்ட வேலியை அவரும் நானும் சேர்ந்துதான் கட்டினோம், ஐந்து சனிக்கிழமை. அந்த ஐந்து கிழமையும் எனக்கு எண்ணெய் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மனிதர் கெட்டிக்காரர். குத்தூசி எங்கே வரும் என்று ஒரு வரிசையிலேயே பிடித்துக்கொண்டார். உள்ளே இருப்பவர்தான் கட்டளை இட வேண்டும் என்பது இந்த வேலையின் முறை. ஒன்பது வருடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் நான் அந்த ஐந்து கிழமையில் திருப்பிக் கொடுத்தேன். இழு என்றால் இழுத்தார். இன்னும் என்றால் இன்னும் இழுத்தார். முடிச்சு சரியில்லை, அவிழ் என்றால் அவிழ்த்தார். இடையில் மட்டப்பலகையை வைத்து, “இரண்டு மில்லிமீட்டர் சாய்கிறது,” என்பார். சாயட்டும் என்பேன். அவருடைய முகம் சுருங்குவதைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

வேலி ஏற ஏற அவர் கீழிருந்து மேலாகக் குறைந்துகொண்டு போனார். முதல் கிழமை பூட்ஸ் மறைந்தது. இரண்டாம் கிழமை முழங்கால், மூன்றாம் கிழமை வயிறு. நான்காம் கிழமை தாடை வரை வந்துவிட்டோம். கடைசி நாளில் நான் ஏணிப்படியில் நின்றேன், அந்தப் பக்கம் நரைத்த மயிரும் இரண்டு கண்களும் மட்டும் மிஞ்சின. அளவு நாடாவைப் பிடித்தார்.

“ஒன்று எழுபத்தாறு,” என்றார்.

“போதும். எனக்குக் கையும் உளைகிறது.”

“இல்லை. எண்பது. சட்டம் எவ்வளவு விடுகிறதோ அவ்வளவும் கட்டுவோம்.”

நாலு சென்டிமீட்டர். அதற்காக இன்னும் இரண்டு வரிசை பின்னினோம். என்னைக் காணாமல் இருக்க இந்த மனிதனுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்குச் சுள்ளென்றது. வேலி கேட்டது நான்தான். இருந்தாலும் சுள்ளென்றது.

மே மாதம் முதல் சனிக்கிழமை. எண்ணெய், மஞ்சள், சோட்டி, கதிரை. காலை நீட்டி முழங்கால் வரை வெயில் பட விட்டேன். எண்ணெய் காதோரம் வழிந்தது, துடைக்கவில்லை. தடிகளின் பச்சை வாசம், ஒரு குருவிச் சத்தம், வேறு எதுவும் இல்லை. அந்தப் பக்கமிருந்து ஒரு தும்மல்கூட வரவில்லை. எனக்குக் கண் கலங்கியது. எண்ணெய் கண்ணில் பட்டதால் என்று இவரிடம் சொன்னேன். அது பொய். அவ்வளவு சந்தோசமாக இருந்தேன்.

நாலு கிழமை அப்படிப் போனது.

கிடுகு பின்ன ஓலையை ஊறப்போட வேண்டும் என்று தெரிந்த எனக்கு, பச்சைத் தடி காய்ந்தால் மெலியும் என்பது ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியாது. வில்லோத் தடியை வெட்டிக் காயவிட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்துத்தான் பின்ன வேண்டுமாம். இவர் ஒரு வீடியோவில் கண்டுபிடித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வேலி போட்டு மூன்று மாதத்துக்குப் பிறகு. முகத்தில் ஒரே குதூகலம். அதற்குள் ஜூன் வெயிலில் ஒவ்வொரு தடியும் தன் பாட்டுக்கு மெலிந்து, வரிசைக்கு வரிசை ஒரு விரல், சில இடத்தில் இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தது.

அது எனக்குத் தெரியவந்த விதத்தைச் சொல்ல வேண்டும். கதிரையில் சாய்ந்து இருந்தேன். எண்ணெய்க் கண்ணைக் கசக்கித் திறந்தபோது, வேலியின் ஓர் இடைவெளியில் வெளிறியதாக, பெரியதாக ஏதோ தெரிந்தது. நீற்றுப் பூசணிக்காய் என்று நினைத்தேன். இந்த நாட்டில் நீற்றுப் பூசணி ஏது என்பது அடுத்ததாகத் தோன்றியது. அப்போது பூசணிக்காய் ஒரு பெருமூச்சு விட்டுக் கொஞ்சம் நகர்ந்து படுத்தது.

கதிரை விழ, செருப்பை விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

“இஞ்சேருங்கோ! அந்த மனுசன் ஒரு துணியும் இல்லாமல் கிடக்குது!”

இவர் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்கவில்லை. “நீர் ஏன் பாத்தனீர்?”

“நான் பாக்கேல்லை. தெரிஞ்சது.”

“அவர் தன்ர வளவிலதானே கிடக்கிறார்.”

“அப்ப நான்?”

“நீரும் உம்மட வளவிலதான் இருக்கிறீர். இதில ஆரிலை பிழை?”

பஸ் ஓட்டுகிறவர்களிடம் நியாயம் கேட்கப் போகக் கூடாது. குளியலறையில் இருந்து யோசித்தேன். இந்த நாட்டில் வெயிலில் உடுப்பில்லாமல் படுப்பவர்கள் உண்டு, ஏரிக்கரைகளில் அதற்கென்று இடமே உண்டு என்பது எனக்குத் தெரியும். அதல்ல என் பிரச்சினை. போய்ச் சொன்னால் நான் கண்டேன் என்று ஆகும். சொல்லாவிட்டால் இனி என்னால் அங்கே இருக்க முடியாது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. எனக்கு அவர் தெரிந்தால், அவருக்கு நான்? மஞ்சள் முகமும், முழங்காலுக்கு மேல் ஏறின சோட்டியும், வாயைத் திறந்துகொண்டு நான் தூங்கின இரண்டு சனிக்கிழமையும்? உடம்பு கூசிப்போனது. அந்தக் கிழமையும் அடுத்த கிழமையும் குளியலறைக்குள்ளேயே எண்ணெய் வைத்தேன். பத்து வருடமாக நான் ஆசைப்பட்ட மணித்தியாலம் நாலே நாலு தடவையோடு போய்விட்டது.

மூன்றாம் கிழமை மனம் பொறுக்கவில்லை. மயில் நீலச் சேலை ஒன்று, சரிகைக் கரை போட்டது, மடித்த மடிப்பில் கிழிந்துபோய் அலமாரியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் வேலியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரித்துக் கட்டினேன். சத்தம் போடாமல்தான் கட்டினேன். கடைசி முடிச்சைப் போட்டு நிமிர்ந்தேன்.

“மிக அழகான நீலம்,” என்றது வேலி.

  நீலம் தெரிந்தால் மற்றதும் தெரிந்திருக்கும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். கடைசியில் நான்தான் கேட்டேன்.

“அங்கே தெரிகிறதா?”

“கொஞ்சம்.”

“எப்போதிருந்து?”

“ஜூன் முதல் கிழமையிலிருந்து.” ஒரு தேனீ சேலையைச் சுற்றிவிட்டுப் போனது. “உங்களுக்கு?”

“எனக்கும் ஜூன்தான்.”

“நான் உங்கள் பக்கம் பார்க்கவில்லை,” என்றார் அவசரமாக. “முதுகை உங்கள் பக்கம் திருப்பித்தான் படுத்திருந்தேன்.”

அதுதான் தெரிந்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

“சொன்னால் வேலியை எடுத்துவிடுவீர்களோ என்று பயந்தேன்,” என்றார். பிறகு, முகம் தெரியாத தைரியத்திலோ என்னவோ, மனிதர் கதைக்கத் தொடங்கினார். அவரும் மனைவியும் முப்பது வருடம் சனிக்கிழமை காலைகளில் அந்தப் புல்லில் அப்படித்தான் படுத்திருப்பார்களாம். எங்கள் வீட்டில் முன்பு இருந்தவர்களும் அதே மாதிரியாம். மனைவி போன பிறகும் அவர் அந்த ஒரு வழக்கத்தை விடவில்லையாம். “பிறகு நீங்கள் வந்தீர்கள். வடையோடு.”

துவாய் நினைவுக்கு வந்தது. கொட்டிலுக்குப் பின்னால் உருண்டு விழுந்ததும்.

“அன்றிலிருந்து உடுத்திக்கொண்டுதான் வெளியே வந்தேன். நீங்கள் எப்போதும் கழுத்து வரை மூடி நின்றீர்கள். புது ஆட்களுக்கு என்னால் சங்கடம் வரக் கூடாது என்று நினைத்தேன்.”

“பத்து வருடமாகவா?”

“ஒன்பதரை. அதில் ஒரு சிரமம். உடுத்திக்கொண்டு தோட்டத்தில் நின்றால் எனக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. படுக்கவும் முடியாது. சும்மா நிற்பேன். ஏதாவது கண்ணில் படும். சொல்லிவிடுவேன்.”

தக்காளி, உடுப்புக்கொடி, குப்பைத்தொட்டி, கிரீம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. என் மணித்தியாலத்தை அவர் எடுத்தார் என்று நான் எத்தனை பேரிடம் போனில் அழுதிருப்பேன். அவருடையதை நான் எடுத்தது அவர் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. எண்ணெய்த் தலையோடு நின்றுகொண்டு, மன்னிக்க வேண்டும் என்று சேலையிடம் சொன்னேன். அவர் பதிலுக்கு, வடை மிக நன்றாக இருந்தது என்றார்.

வேலியைச் சீர்செய்வதென்று முடிவானது. எங்கள் கொட்டிலுக்குப் பின்னால் மிஞ்சிக் கிடந்த தடிகள் இதற்குள் நன்றாகக் காய்ந்திருந்தன. அவற்றைக் குளியல் தொட்டியில் மூன்று நாள் ஊறப்போட்டேன்.

“நான் எங்கை குளிக்கிறது?” என்றார் இவர்.

“மூண்டு நாள்தானே. பல்லை மட்டும் தீட்டுங்கோ.”

சனிக்கிழமை வந்தது. என் பத்து மணிக்கு முன் முடிக்க வேண்டும் என்று எட்டு மணிக்கே வேலியடிக்குப் போனேன். சேலையை அவிழ்க்காமல் ஓர் ஓரத்தை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை நிலத்தில் வைத்து, ஊறின தடியை முதல் இடைவெளியில் செருகினேன். குத்தூசியில் கயிற்றைக் கோத்தேன். பிறகு, கேட்காமல் குத்தக் கூடாது என்று தோன்றியது.

“உடுத்தியிருக்கிறீர்களா?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “தொப்பி,” என்றார்.

“ஊசி வருகிறது. இடுப்பு உயரத்தில்.”

சாய்கதிரை ஒன்று தலைகீழாக விழும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் அவ்வளவு வேகமாக ஓடி நான் அறிந்ததில்லை. திரும்பி வந்து, “இப்போது வரலாம்,” என்றார். காற்சட்டையும் சட்டையும் போட்டு, பூட்ஸும் மாட்டியிருக்கிறார் என்பது நடைச் சத்தத்திலேயே தெரிந்தது. குத்தினேன். இழுத்தார். சுற்றினார். திருப்பிக் குத்தினார். மேல் வரிசைகளுக்கு ஏணியில் ஏறி நின்றேன். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

“இந்த முடிச்சு மழையில் இளகும்,” என்றார் அந்தப் பக்கமிருந்து.

நான் அடுத்த தடியைச் செருகினேன்.

“கயிறும் சணலாக இருக்கக் கூடாது. தேங்காய் நார் நல்லது. உங்கள் தக்காளி இலையில் ஒரு புள்ளி தெரிகிறது, சிவப்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பதில். அது பூஞ்சணம். அதோடு நீங்கள் ஏறி நிற்கும் ஏணி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, இரண்டு மில்லிமீட்டர் அல்ல, நன்றாக...”

கடைசி இடைவெளியை அடைத்து, கடைசி முடிச்சை இறுக்கிக் கயிற்றை அறுத்தேன். சேலையைத் தூக்கிப் பார்த்தேன். ஓர் ஒளிக்கீற்றுகூட இல்லை. என் மணித்தியாலத்தில் இன்னும் முப்பத்தைந்து நிமிடம் மிச்சம் இருந்தது. அவர் பூஞ்சணத்துக்கு மருந்து சொல்லத் தொடங்கியிருந்தார்.

நான் வாயைத் திறந்து, என் இருபத்தேழு வருட டொச்சில் ஒரு பிழையும் இல்லாமல், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

“தயவுசெய்து போய் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் படுங்கள்!”

அந்தப் பக்கம் ஒரே அமைதி. இந்தப் பக்கம் குசினி ஜன்னலுக்குள் இவருடைய தேத்தண்ணிக் கோப்பை கீழே விழுந்து உடைந்தது. நான் கதிரையை நிமிர்த்தி வைத்து, எண்ணெய்ப் போத்தலைத் திறந்தேன்.